தேரி மணலுக்கு அடியில கெடக்குறதுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது?

#1 · தேரிக்காட்டான்

ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு தேரிக்காடு வரைஞ்சு வச்சிருக்கேன். குதிரைமொழித் தேரி மாதிரி: செம்மணல் மேடு, நாலு பனை, ஓரத்துல உடங்காடு, குறுக்க ஒரு வண்டித்தடம். மணலுக்குள்ள ஒரு புலெட், மண்ணைத் துளைச்சுப் போற பெரிய மிருகம். ஆட்டம் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆடுற கதை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம். மிருகத்தோட சீட்டுல உள்ளது: டார்க்விஷன் (இருட்டுப் பார்வை) 60 அடி, ட்ரெமர்சென்ஸ் (அதிர்வை உணர்ற புலன்) 60 அடி, பாசிவ் பெர்செப்ஷன் (உருட்டாமலே கவனிக்கிற அளவு) 16. நடை 40 அடி, மண்ணைத் துளைச்சுப் போறதும் 40 அடி.

வாரது நாலு பேர்.
ரோக் (திருடன்): மாயமா மறைஞ்சு, மணல்ல ஆடாம அசையாம நிக்கான்.
மாங்க் (சண்டைத் துறவி): பனையில 30 அடி உயரத்துல உட்காந்திருக்கான்.
விசார்ட் (மந்திரவாதி): தரையில இருந்து 10 அடி மேல மிதக்கான்.
குள்ளன்: மாட்டுவண்டியில உட்காந்து வாரான்.

மேல வராம, மணலுக்குள்ள இருந்தபடிக்கே புலெட்டுக்கு இதுல யார் யார் தெரிவாங்க? தெரிஞ்சா எவ்வளவு தெரியும்?

#2 · குழியானை

முதல்ல ஒண்ணைப் பிரிச்சு வச்சுக்கிடுங்க. இடம் தெரியிறது வேற, பாக்கிறது வேற. ட்ரெமர்சென்ஸ் தர்றது இடம் மட்டுந்தான். பாதி மேசைகள்ல சண்டை வாரது இந்த ரெண்டையும் ஒண்ணாக் குழப்புறதாலதான்.

2014 விதி என்ன சொல்லுதுன்னா: குறிப்பிட்ட தூரத்துக்குள்ள அதிர்வு எங்க இருந்து வருதுங்கிறதைத் துல்லியமாக் கண்டுபிடிக்கலாம். ஆனா அந்த மிருகமும் அதிர்வு தர்ற பொருளும் ஒரே தரையையோ ஒரே பொருளையோ தொட்டுக்கிட்டு இருக்கணும். பறக்கிறதும் உடலில்லாததும் அகப்படாது.

விசார்ட் வெளியே. அதுல பேச்சே இல்ல.

ரோக் அகப்படுவான். ஆனா அவனைப் புலெட் பாக்கலை. அதனால:

அவன் மேல அடிக்கும்போது டிஸ்அட்வான்டேஜ், ரெண்டு டி20 (இருபது முகப் பகடை) உருட்டிக் குறைஞ்சதை எடுக்கணும். அவன் விலகி ஓடினா ஆப்பர்சுனிட்டி அட்டாக் (விலகுறவனை அப்பவே அடிக்கிற வாய்ப்பு) கிடையாது, ஏன்னா அந்த விதியிலயே “உன் கண்ணுக்குத் தெரியும் எதிரி”ன்னு இருக்கு. “நீ பாக்கக்கூடிய ஓர் உயிர்”னு கேக்கிற மந்திரம் எதையும் ட்ரெமர்சென்ஸை மட்டும் நம்பிப் போட முடியாது. புலெட்டுக்கு மந்திரம் இல்ல, ஆனா இதே புலனோட மந்திரக்கார மிருகத்தை நீங்களே உண்டாக்கினா இது உதவும்.

மணலுக்குள்ள முழுசா இருக்கிற வரைக்கும் புலெட்டுக்கு முழு மறைவு. யாரும் அதைக் குறி வைக்க முடியாது. மேல வந்ததும் டார்க்விஷனோ பகல் வெளிச்சமோ இருக்கும், ரோக்கைத் தவிர எல்லாரும் கண்ணுல படுவாங்க. விசார்டுக்கு வானம் பாதுகாப்பா இருக்கிறது அது தலையை வெளிய நீட்டுற வரைக்குந்தான்.

பனையும் வண்டியும் கொஞ்சம் வம்பான கேசு. பொறவு வாரேன்.

#3 · பாளை_பகடை

அண்ணாச்சி, பொறவு வாரேன்னு நழுவாதிய. வண்டியில உட்காந்தவன் தரையைத் தொடலை, சரி. அப்ப ரோக் செருப்பு போட்டிருக்கான்லா? அவன் கால் எங்கன மணலைத் தொடுது? செருப்புதான் தொடுது. வண்டிச்சக்கரம் செஞ்சா மறைவு, டயர் செருப்பு செஞ்சா மறைவில்லையா? ஒரு ஜோடி செருப்புக்காக ட்ரெமர்சென்ஸையே குப்பையில போட்டுடலாமே.

#4 · குழியானை

கேலின்னாலும் கேள்வி சரிதான். நான் கோடு போடுறது இப்படி: உடம்புல போட்டிருக்கிறது, கையில தூக்கியிருக்கிறது எல்லாம் உடம்போட சேத்தி. செருப்பு, கவசம், ஊன்றுகோல், முதுகு மூட்டை. ஆளை எடுத்துட்டாலும் தானா நிக்கிற பொருள் தனி. வண்டி, கட்டில், பரண், பரிசல்.

வண்டி ஓடிக்கிட்டு இருந்தா வண்டி தெரியும். அதுல எத்தனை பேர், குள்ளன் முன்னால இருக்கானா பின்னால இருக்கானாங்கிறது தெரியாது. இதே ஆட்டத்தோட புது 2024 புத்தகத்துல இது இன்னும் தெளிவு. உயிர்களையும் *நகர்ற பொருள்களையும்* கண்டுபிடிக்கும், ரெண்டும் ஒரே பரப்பைத் தொடணும், தரையோ சுவரோ கூரையோ, இல்லைன்னா ஒரே திரவத்துல இருக்கணும். காத்துல இருக்கிறது அகப்படாது. இது பார்வை வகையில சேராதுன்னும் வெளிப்படையாவே எழுதிட்டாங்க. #2-ல நான் சொன்னதுக்கு 2014-ல ரெண்டு மூணு பக்கத்தைச் சேத்துப் படிக்கணும், 2024-ல ஒரே வரியில இருக்கு.

பனை: மாங்க் ஏறிக்கிட்டு இருக்கையில அந்தப் பனைமூடு அதிரும். எந்தப் பனைன்னு புலெட்டுக்குத் தெரியும், எத்தனை அடி உயரத்துல இருக்கான்னு தெரியாது. அசையாம உட்காந்துட்டா ஒண்ணும் தெரியாது. இது புத்தகத்துல இல்ல, என் தீர்ப்பு. வேர் மண்ணுக்குள்ளதானே இருக்கு, மரமும் தரையும் ஒண்ணுதானேன்னு வாதாடலாம். அப்படிப் போனா கோட்டைச் சுவரும் தரைதான், மச்சும் தரைதான், மூணாம் மாடியில தூங்குறவனும் அகப்படுவான். அவ்வளவு தூரம் இழுக்க எனக்கு மனசில்ல.

#5 · மருதநிழல்

பாத்ஃபைண்டர்னு இதே மாதிரி இன்னொரு ஆட்டம், அதோட இரண்டாம் பதிப்பு ஆடுறவங்களுக்கு இந்தச் சண்டையில முக்கால்வாசி கிடையாது. அங்க ஒவ்வொரு புலனுக்கும் ஒரு தரம் எழுதியிருக்கும். மூணு தரம்: துல்லியம், அரைத் துல்லியம், மங்கல்.

துல்லியமான புலன்ல அகப்பட்டா “பார்க்கப்பட்டவன்”. மனுசனுக்கு அது கண்ணு மட்டும். அரைத் துல்லியத்துல எவ்வளவு நல்லா அகப்பட்டாலும் “மறைந்தவன்”தான்: நிக்கிற கட்டம் (வரைபடத்துல 5 அடிச் சதுரம்) தெரியும், ஆள் தெரியாது. நம்ம காது இந்த வகை. மங்கல்னா ஏதோ இருக்குன்னு தெரியும், கட்டம் தெரியாது. நம்ம மூக்கு இந்த வகை.

கணக்கு: மறைந்தவனை அடிக்கணும்னா முதல்ல வெறும் டி20 ஒண்ணு உருட்டணும், எதையும் கூட்டாம. 11-உம் அதுக்கு மேலயும் விழுந்தாத்தான் அடிக்கிற உருட்டுக்கே வழி. பாதிக்குப் பாதி. கட்டமே தெரியலைன்னா ஒரு கட்டத்தை ஊகிச்சுச் சொல்லணும், அதே 11-ஐயும் அடிக்கிற உருட்டையும் நடத்துறவர் மறைவா உருட்டுவார். தப்பான கட்டமா, உருட்டு தப்பானதாங்கிறது ஆடுறவருக்குத் தெரியாது. இதை வெளிப்படையா உருட்டுனீங்கன்னா முழு அமைப்பும் போச்சு. புதுசா நடத்துறவங்க சறுக்குற இடம் இதுதான்.

அங்க ட்ரெமர்சென்ஸ் வழக்கமா அரைத் துல்லியம். அதுவும் அந்தப் பரப்புல *நகர்ந்தாத்தான்*. நிக்கிற ரோக் தெரியவே மாட்டான்.

#6 · பாளை_பகடை

யக்கா, அப்ப ஒரே ரோக், ஒரே மணல். புத்தகத்துக்குப் புத்தகம் உசுரு போகுது வருதுன்னு சொல்லுதிய.

#7 · மருதநிழல்

ஆமா தம்பி, அப்படித்தான். அசையாம நிக்கிறவனுக்கு:

2024 டி அண்ட் டி: “உயிர்கள், நகர்ற பொருள்கள்.” நகரணுங்கிறது பொருளுக்குத்தான், உயிருக்கு இல்ல. நின்னாலும் அகப்படுவான்.

பாத்ஃபைண்டர் 2: நின்னா தப்பிச்சான்.

2014 டி அண்ட் டி: “அதிர்வு”னு மட்டும் இருக்கு. நிக்கிற மனுசன் அதிர்வு தர்றானா? மூச்சு, நெஞ்சுத்துடிப்பு, எடை மாத்தி நிக்கிறதுன்னு ஒரு கட்சி. தராதுன்னு ஒரு கட்சி. குழியானை அண்ணாச்சி அகப்படுவான்னு ஒரே வரியில தாண்டிட்டாவ, ஆனா அதுவும் ஒரு தீர்ப்புதான்.

#8 · குழியானை

ஒத்துக்கிடுதேன். 2014-ல அது என் தீர்ப்பு. ஸ்டெல்த் உருட்டி ஜெயிச்சாலும் விடமாட்டேன், ஏன்னா ஒளியிறதுங்கிறது கண்ணுக்கும் காதுக்கும் தப்புறது. பாஸ் வித்தவுட் ட்ரேஸ்ங்கிற மந்திரம் போட்டாலும் ஸ்டெல்த்துக்கு +10 கிடைக்கும், மந்திரம் இல்லாம தடம் பிடிக்க முடியாது, அவ்வளவுதான். அதிர்வை நிறுத்தும்னு அதுல இல்ல. சைலன்ஸும் அப்படியே: சத்தத்தை அடக்கும், காலடி மண்ணுல விழுறதை அடக்காது.

ஆனா தேரிக்காட்டான் தம்பிக்கு நான் சொல்லுறது: இந்த ஒரு ஆட்டத்துக்கு “அசையாம நின்னா தெரியாது”ன்னு வச்சுக்கிட்டா ஆட்டம் நல்லா இருக்கும். ஆடுறவங்களுக்குக் கையில ஒரு ஆயுதம் கிடைக்கும். முன்னாடியே சொல்லிடணும், அவ்வளவுதான்.

#9 · கூகை

விதியை விட்டு ஒரு நிமிசம் மண்ணுக்கு வாங்க. காஞ்ச தேரி மணல்ல அதிர்வு ரொம்ப தூரம் போகாது. தளர்ந்த மணல் அதைத் தின்னுடும். திண்ணை ஓரத்துப் புழுதியில குழியானை கூம்பு மாதிரி குழி பறிச்சு அடியில உட்காந்திருக்கும்லா, எறும்பு வழுக்கி விழும்போது வர்ற அதிர்வை வச்சுத்தான் மணலை வீசி அடிக்கும். அதுக்கு எட்டுறது அந்தக் குழியும் அக்கம்பக்கமுந்தான். அதே அதிர்வு ஒரே பாறையில நல்லாவே போகும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் ஞாபகம் வருதா, ஒரே கல்லுல செதுக்கின சிறுதூண்கள், ஒண்ணைத் தட்டினா பக்கத்துத் தூணும் அதிரும். யானை பாதத்தால தரை அதிர்வை உணருங்கிறதும் மெய்தான்.

அதனால காஞ்ச மணல்னா 60 அடியைப் பாதியாக்கி 30, ஈர மணல்னா முழு 60, ஒரே பாறைன்னா 120-னு வச்சா என்ன?

#10 · குழியானை

வச்சா புலெட் செத்துடும். அது மண்ணுக்குள்ள ஒரு முறைக்கு 40 அடி போகும். 30 அடிதான் தெரியும்னா, தனக்குத் தெரியிற தூரத்தைவிட அதிக தூரம் ஒரே முறையில ஓடும். குருடன் ஓடுற கதை. ரெண்டாவது, ஆடுறவங்க ஒவ்வொரு அறையிலயும் “இது என்ன கல்லு? கருங்கல்லா, சுண்ணாம்புச் சாந்தா?”ன்னு கேக்க ஆரம்பிப்பாங்க. தூரத்தைத் தொடாதீங்க. மண்ணோட குணத்தைக் காட்டணும்னா *எவ்வளவு தெரியுது*ங்கிறதுல காட்டுங்க: காஞ்ச மணல்ல கட்டம் மட்டும், பாறையில கட்டத்தோட ஆள் பெருசா சிறுசான்னும்.

இசைத்தூண் யோசனையை மட்டும் நான் எடுத்துக்கிடுதேன். மண்டபத்துத் தரையும் தூணும் ஒரே கல், மிருகம் மறுகோடியில. எவனாவது ஒரு தூணைத் தட்டினா அந்த ஒரு முறைக்கு எல்லாத் தூணும் “நகர்ற பொருள்”. மிருகத்துக்கு எந்தப் பக்கம் போகணும்னே தெரியாது.

#11 · தேரிக்காட்டான்

பனம்பழம் விழுந்தா? கல்லை எறிஞ்சா?

#12 · குழியானை

காத்துல வரும்போது தெரியாது. மணல்ல விழுந்து உருளும்போது தெரியும். நின்னதும் மறைஞ்சுடும். 2024-ல “நகர்ற பொருள்”ங்கிறதால விதியிலயே இடமிருக்கு. கல்லெறிஞ்சு திசைதிருப்புறதுக்கு ஒரு ஆக்‌ஷன் கேளுங்க. இலவசமா விட்டா எல்லாரும் மடியில கூழாங்கல் கட்டிட்டு வந்துடுவாங்க.

#13 · கூகை

அடுத்த மேசையில வௌவால் குகை நடத்துறவங்க இதையும் பாத்துக்கிடுங்க. ஆத்தங்கரை மருத மரத்துல தலைகீழாத் தொங்குதே பழந்தின்னி வௌவால், அதுக்கு எதிரொலி வித்தை கிடையாது. கண்ணும் மூக்கும்தான். பூச்சி தின்னுற சின்ன வௌவாலுக்குத்தான் மீயொலி. அதனால உங்க குகையில பெரிய வௌவால் வச்சா எதிரொலிக் குணத்தை எடுத்துட்டுக் கண்ணைக் குடுத்தீங்கன்னா ஆடுறவங்க ஏமாறுவாங்க. சைலன்ஸ் போட்டு ஒண்ணும் நடக்காது.

பாம்பும் அப்படித்தான். புத்தகத்துல எல்லாப் பாம்புக்கும் பிளைண்ட்சைட் (கண்ணில்லாம அறியிற புலன்) 10 அடின்னு ஒரே கொத்தாப் போட்டிருக்கு. மேற்குமலையில உள்ள குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல வெப்பக்குழி உண்டு. வயக்காட்டுக் கண்ணாடிவிரியனுக்கு அது இல்ல. வெப்பப் புலனைத் தனியா எழுதணும்னா ஒண்ணு மறக்காதீங்க: அது சூட்டைப் பாக்கலை, சூட்டு *வித்தியாசத்தை*ப் பாக்குது. சித்திரை வெயில்ல பாறையும் உடம்புச் சூட்டுக்கே வந்து நிக்கும்போது அதுல ஆள் தனியாத் தெரிய மாட்டான். பொழுது சாஞ்சு பாறை ஆறினதும் பளிச்னு தெரிவான். ராத்திரி 10 அடி, வெயில்ல 5 அடின்னு எழுதலாம்.

#14 · மருதநிழல்

வௌவால் பேச்சு வந்ததால: சைலன்ஸ் போட்டா வௌவால் குருடாயிடும்னு எல்லாரும் சொல்லுதாங்க. 2014 சீட்டைப் பாத்தா அப்படி இல்ல. பிளைண்ட்சைட் 60 அடி, காது கேக்கலைன்னா அதைப் பயன்படுத்த முடியாது. அவ்வளவுதான். “இந்தத் தூரத்துக்கு அப்பால் குருடு”ங்கிற வரி வௌவாலுக்கு இல்ல. அந்த வரி உள்ளது க்ரிம்லாக் (குருட்டுக் குகைவாசி) மாதிரி ஆட்களுக்கு: அதுக்கு 30 அடி, காது போனா 10 அடி, மூக்கும் சேந்து போனாத்தான் ஒண்ணுமே இல்ல. வௌவாலுக்குக் கண்ணு இருக்கு. ஆனா டார்க்விஷன் இல்ல. அதனால காதடைச்ச வௌவால் பகல்ல நல்லாப் பாக்கும், இருட்டுக் குகையிலதான் தடுமாறும்.

சைலன்ஸ் 20 அடி ஆரம். முழுசா உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் காது கேக்காது. பெரிய வௌவால் 60 அடி பறக்கும், அடுத்த முறையே வெளிய போயிடும். மந்திரத்தை வௌவால் மேல போடுறதைவிடத் தங்களைச் சுத்திப் போட்டுக்கிடுறதுதான் புத்திசாலித்தனம்.

#15 · பாளை_பகடை

நம்மளைச் சுத்திப் போட்டா வௌவால் வெளிய இருக்கும், அதுக்குக் காது கேக்கும், பிளைண்ட்சைட் வேலை செய்யும். என்ன லாபம்?

#16 · மருதநிழல்

சைலன்ஸோட முதல் வரியைப் படிங்க. அந்த வட்டத்துக்குள்ள சத்தம் பிறக்காது, *அதைக் கடந்தும் போகாது*. வௌவால் போடுற சத்தம் உள்ள வந்து திரும்பாது. திரும்பாத இடம் அதுக்கு ஒரு ஓட்டை மாதிரி. உள்ள யார் இருக்காங்கன்னு தெரியாது. ஆனா 40 அடி அகலத்துக்கு ஒண்ணுமே திரும்பலைங்கிறது நல்லாத் தெரியும். புத்தி உள்ள மிருகம்னா அங்கதான் வரும்.

அகத்தியர் அருவிக்குப் பக்கத்துல குகை வச்சு, அருவி இரைச்சல்ல எதிரொலி வேலை செய்யுமான்னு யாராவது கேப்பாங்க. விதிப்படி “காதடைச்ச நிலை” மட்டுந்தான் அதை நிறுத்தும். இரைச்சல் அந்த நிலை இல்ல. வேணும்னா அருவிக்கு 20 அடிக்குள்ள நிக்கிறவங்களைத் தேடும்போது டிஸ்அட்வான்டேஜ் குடுங்க, அதுக்கு மேல வேண்டாம்.

#17 · தேரிக்காட்டான்

பிளைண்ட்சைட் உள்ளவன் எழுத்து படிப்பானா? சுரங்கத்துல ஒரு ஓலைக்கட்டு வச்சிருக்கேன்.

#18 · குழியானை

2014-ல நேரடி பதில் இல்ல. 2024-ல “பாக்கலாம், உடல் கண்ணை நம்பாம”ன்னு இருக்கு, அதனால படிக்கலாம்னு வாதாட இடமிருக்கு. நான் புலன் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துச் சொல்லுவேன். எதிரொலியா இருந்தா: கல்வெட்டு படிக்கும், ஏன்னா அது குழி. காகிதத்துல மை படிக்காது. ஓலைச்சுவடிதான் நடுவுல மாட்டிக்கிட்டது: எழுத்தாணியால கீறின எழுத்து, அதுக்கு மேல கரி பூசியிருக்கும். கீறல் இருக்கு, ஆனா மயிரிழை ஆழம். 5 அடிக்குள்ள, ஒவ்வொரு ஓலையையும் பிரிச்சுப் பிடிச்சா, இன்வெஸ்டிகேஷன் (துப்புத் தேடுற உருட்டு) 15. நல்ல புதிர் ஆகும்.

மாயத் தோற்றங்களுக்குப் புத்தகமே பதில் சொல்லுது. மிரர் இமேஜ், ப்ளர்ங்கிற மாய மந்திரங்கள் பிளைண்ட்சைட் உள்ளவன்கிட்ட செல்லாது. ட்ரூசைட் (உண்மைப் பார்வை) மாயத்தை எல்லாம் ஊடுருவிப் பாக்கும், அதைப் பத்திப் பேச ஒண்ணுமில்ல. கதையில வச்சீங்கன்னா மர்மம் போச்சு, அவ்வளவுதான்.

#19 · பாளை_பகடை

மோப்பத்தை விட்டுட்டிய. ஐந்தாம் பதிப்புல ஓநாய்க்கு மூக்கு இருந்தா பெர்செப்ஷனுக்கு அட்வான்டேஜ் (ரெண்டு உருட்டிக் கூடினதை எடுக்கலாம்), முடிஞ்சுபோச்சு. சப்புன்னு இருக்கு. பழைய 3.5 பதிப்புலதான் மூக்குக்கு மரியாதை இருந்தது. மோப்பம் 30 அடி. இரை காத்தடிக்கிற பக்கம் இருந்தா 60, எதிர்ப்பக்கம் இருந்தா 15. புகை, அழுகல் மாதிரி பலத்த நாத்தம்னா ரெட்டிப்பு. 30 அடிக்குள்ள வந்தாலும் ஏதோ இருக்குன்னுதான் தெரியும், எந்தப் பக்கம்னு பாக்க ஒரு மூவ் ஆக்‌ஷன் செலவு. 5 அடிக்குள்ள வந்தாத்தான் இடம் துல்லியம்.

நம்ம ஊருக்கு அளவெடுத்துத் தச்ச விதிலா? ஆடி மாசம் மேல்காத்து, கயத்தாறு காத்தாடி எல்லாம் ஒரே மூஞ்சியாத் திரும்பி நிக்கும். கிழக்க கெடக்கிற மிருகத்துக்கு மேற்க இருந்து வாரவன் 60 அடியில மணப்பான். கிழக்க இருந்து போறவன் 15 அடி வரைக்கும் போயிடலாம். வரைபடத்துல ஒரு அம்புக்குறி போட்டாப் போதும், பாதி ஆட்டம் தானா நடக்கும்.

#20 · மருதநிழல்

அதுல இன்னொண்ணும் உண்டு. வேற பலத்த வாசம் பக்கத்துல இருந்தா மோப்பம் கெட்டுப்போகும். தடம் பிடிக்கிற உருட்டு 10-ல இருந்து 20-க்கு ஏறும். ஒரு மூட்டை கருவாடு வண்டியில இருந்தாப் போதும். ஓடுற தண்ணி தடத்தையே அறுத்துடும். தாமிரபரணியில முழங்கால் தண்ணியில கொஞ்ச தூரம் நடந்து அக்கரை ஏறினவனை, இறங்கின இடத்துல இருந்து மோந்துக்கிட்டுப் போக முடியாது.

ஆனா கருவாட்டுக்கு ரெண்டு முனை. அதுவே பலத்த நாத்தம்ங்கிறதால வண்டி வர்றது ரெட்டிப்புத் தூரத்துல தெரியும். ஆள் யார்னு தெரியாது, ஏதோ வருதுன்னு தெரியும்.

பாத்ஃபைண்டர் 2-ல இந்தத் தூரக் கணக்கு நடத்துறவர் கையில. காத்துக்கு ஏத்தபடி ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஆக்கலாம், குறைக்கலாம்.

#21 · புளியங்கொட்டை

இவ்வளவு நேரம் வாசிச்சேன். விதி எல்லாம் சரி, மேசையில எப்படி வைக்கிறதுன்னு யாரும் சொல்லலையே.

கண்ணுக்குத் தெரியிறவங்களுக்கு மினி (சின்ன பொம்மை). இடம் மட்டும் தெரியிறவங்களுக்கு அந்தக் கட்டத்துல ஒரு புளியங்கொட்டை. ஒண்ணும் தெரியலைன்னா வெறுங்கட்டம், நடத்துறவர் மறைப்புக்குப் பின்னால சின்னதா ஒரு கட்டத்தாள் வச்சு உண்மையான இடத்தைப் பென்சில்ல குறிச்சுக்கிடணும். மினியை எடுத்துட்டுக் கொட்டையை வைக்கும்போதே “டிஸ்அட்வான்டேஜ்”னு ஆடுறவங்களுக்கு ஞாபகம் வந்துடும், சொல்ல வேண்டியதில்ல.

தூரத்துக்கு: ஒரு கட்டம் 1 அங்குலம், 5 அடி. 60 அடின்னா 12 அங்குலம். பள்ளிக்கூடத்து 30 செ.மீ. ஸ்கேல் 11.8 அங்குலம், மிருகத்து மேல ஒரு முனையை வச்சுச் சுத்தினாப் போதும். கடைசிக் கட்டம் சந்தேகம்னா உள்ளன்னு எடுத்துக்கிடுங்க.

ஆழத்தை மறந்துடுதாங்க. புலெட் 40 அடி ஆழத்துல இருந்தா அதுக்குத் தரைமட்டத்துல 60 அடி தெரியாது. 60 வர்க்கம் 3600, 40 வர்க்கம் 1600, மிச்சம் 2000, அதோட மூலம் 44 அடிக்குக் கொஞ்சம் மேல. முழுக் கட்டம்னு பாத்தா எட்டு. 30 அடி ஆழம்னா சுமார் 52, பத்துக் கட்டம். மூலைவாட்டுக் கட்டத்தையும் 5 அடியாவே எண்ணுற மேசைன்னா இந்தக் கணக்கு வேண்டாம், நேரா 60-தான். எது உங்க மேசைன்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க, நடுவுல மாத்தினா அடிதடி.

இன்னொண்ணு: டார்க்விஷன் இருந்தா இருட்டுல எல்லாம் தெரியும்னு விட்டுடுதாங்க. கும்மிருட்டு அதுக்கு மங்கல் வெளிச்சம். கண்ணால தேடுற உருட்டுக்கு டிஸ்அட்வான்டேஜ், பாசிவ்ல 5 குறைவு. ராத்திரியில தலையைத் தூக்கினா உங்க புலெட்டோட 16, கண்ணைப் பொறுத்தவரைக்கும் 11. நெறைய ரோக் இதாலதான் பிழைக்கலாம், நடத்துறவர் மறந்துட்டா சாகுதான்.

#22 · தேரிக்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. முடிவு பண்ணிட்டேன்: ராத்திரி ஆட்டம், புலெட் 30 அடி ஆழத்துல, பத்துக் கட்டம். அசையாம நின்னா தெரியாது, இதை ஆட்டம் தொடங்கும்போதே சொல்லிடுவேன். மாங்க் பனையில ஏறும்போது மட்டும் பனைமூட்டுல ஒரு கொட்டை. விசார்டுக்கு ஒண்ணுமில்ல. குள்ளன் வண்டியிலயே இருக்கிற வரைக்கும் பத்திரம்.

#23 · பாளை_பகடை

வே தம்பி, வண்டியை யாரு இழுக்கா?

#24 · குழியானை

அட. இருபது பதிவா குள்ளனைப் பத்தியே பேசிட்டு மாட்டை மறந்துட்டோம். ரெண்டு மாடு, எட்டுக் குளம்பு, எல்லாம் மணல்ல. அதுவும் நடந்துக்கிட்டே வருதுக. தேரியில புலெட்டுக்கு எல்லாத்தையும் விடப் பளிச்னு தெரியிறது அந்த ரெண்டும்தான்.

2014 சீட்டுப்படி அது ஓடிவராமலே 30 அடி நீளம், 15 அடி உயரம் தாவும். 15 அடியாவது தாவி வந்து ஆள் நிக்கிற இடத்துல விழுந்தா, அங்க உள்ளவங்க ஸ்ட்ரென்த்தோ டெக்ஸ்டெரிட்டியோ உருட்டி 16 எடுக்கணும். தவறினா கீழ விழுந்து 3டி6+4 (ஆறு முகப் பகடை மூணு, கூட 4) நசுக்கும், 3டி6+4 கிழிக்கும். சராசரி 28. வண்டிமாடு தாங்காது. மாடு விழுந்தா நுகம் சாயும், வண்டி குடை சாயும், குள்ளன் மணல்ல வந்து விழுவான்.

முதல் கொட்டையை வண்டித்தடத்துல வைங்க. ரெண்டு கொட்டை, பக்கத்துப் பக்கத்துல.